ஸ்டெல்லா அக்காவின் லல்லல்லா

தாம்பரம் ஸ்டேஷன் டீக்கடை ரேடியோவில் புதுத் தமிழ்ப் பாட்டு ஒன்று 'லல்லல்லா லா' என்று ஆரம்பித்ததும், இது ஸ்டெல்லா அக்காவுடையதாயிற்றே என்று பட்டது. இப்போது இடித்துவிட்ட ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு அக்கா. கரி இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனைக்கு நடுவே ஒரு இங்கிலீஷ் ரெக்கார்டோடு சேர்ந்து பாடுவாள், கீறல் விழுந்த இடத்தில் ஊசி பின்னால் குதிக்கும், அவளும் கூடவே குதித்து மறுபடி லல்லல்லா என்பாள், பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்து நான் வளர்ந்தேன். ரேடியோ அதை முழுசாகப் பாடி முடித்தது.

"காப்பியடிச்ச பாட்டு மச்சான் இது," என்றேன்.

"நல்லாத்தானே கீது, உனக்கு இன்னா பேஜாரு?" என்றான் கூட நின்ற குமார்.

அக்கா எந்த ஊரில் இருக்கிறாளோ, சொல்ல ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட் போய், பழைய ரெக்கார்டு கடைக்காரர்களிடம் லல்லல்லா பாடிக் காட்டப் போகிறேன். அவள் பாட்டும் இப்படித்தான் முடியுமா என்று கீறல் இல்லாத ஒன்றில் கேட்க வேண்டும்.