பெட்டியை விட்டு இறங்காத ஞானமுத்து

வியாழக்கிழமை காலையில் ஒரு நோயாளியின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். வார்டு வாசலில் ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"ஞானமுத்துவோட மச்சினன் நான். குன்னாண்டார்கோவில் பக்கத்துலேர்ந்து வாரேன்" என்றார். "மச்சான் நேத்துப் பொழுதுசாய எறந்துட்டாரும்மா. இன்னிக்குச் சாயங்காலம் எடுக்குறோம். ஒங்ககிட்டச் சொல்லிட்டு வரச்சொல்லி அக்கா அனுப்புச்சு."

கட்டுத்துணி பாதி சுற்றியபடி என் கையில் இருந்தது. அந்த நோயாளிதான், "போய்ப் பேசிட்டு வாங்கம்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்றார். கட்டை முடித்துவிட்டே எழுந்தேன். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தால் ஞானமுத்து அண்ணனுக்குப் பிடித்திருக்காது.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களும், பிள்ளைபெறவும் காலொடிந்தும் அங்கே வந்து படுத்தவர்களும் லிஃப்ட் ஓட்டிய அவரை மறந்திருக்க முடியாது. புதுக்கோட்டையில் அன்று மாடிக்கு ஆள் ஏற்றும் மின்சாரப் பெட்டியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. யுத்தத்தில் சென்னைமேல் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் ஊரைக் காலிசெய்த சமயம், ஒரு கம்பெனிக் கட்டடத்தில் இருந்த பழைய லிஃப்ட்டை எங்கள் டாக்டர் வாங்கிவிட்டார். ஆப்பரேஷன் அறை மேல்மாடியில். நோயாளிகளை மாடிப்படியில் தூக்கிப்போவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு விட்டுப்போயிருந்தது. இரும்புச் சட்டங்களும் கம்பிச் சுருள்களும் பல நாள் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ரங்கூனில் லிஃப்ட் ஓட்டிய ஒருவர் ஊர் திரும்பியிருக்கிறார் என்று யாரோ சொல்ல, டாக்டர் ஆள் அனுப்பினார்.

வந்தவரைப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்த உடம்பு. சட்டை தோளில் மாட்டிவைத்ததுபோலத் தொங்கியது. லிஃப்ட் பொருத்த வந்த மெக்கானிக்குகளோடு சேர்ந்து அவரும் கயிற்றைப் பிடித்தார், சட்டங்களைத் தாங்கினார், ஒவ்வொரு பாகமும் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் போன பிறகு ஓட்டுவதும் அவர், எண்ணெய் போடுவதும் அவர், பழுது பார்ப்பதும் அவர் என்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று சட்டங்களுக்கு மசகு தடவுவார். மூக்குப்பொடி போடுகிறவர். அங்கிருந்து வரும் தும்மல் கட்டடம் முழுவதும் கேட்கும்.

லிஃப்ட் வந்தது, ஏறத்தான் ஆள் இல்லை. கீரமங்கலத்திலிருந்து வந்த நிறைமாதப் பெண் ஒருத்தி, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று நின்றாள். வலி வேறு தொடங்கியிருந்தது. மாமியார் திட்டினாள், நான் கெஞ்சினேன். ஞானமுத்து அண்ணன் எங்கள் இருவரையும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னார்.

"தாயி, பயமாத்தான் இருக்கும். நான் சொல்லிச் சொல்லித்தான் செய்வேன். இப்பக் கதவச் சாத்துவேன், கடகடன்னு கேக்கும். அப்புறம் தலைக்கு மேல ஒரு உறுமல் வரும், அது மோட்டாரு. கிளம்பயில வயித்துக்குள்ள லேசாக் கூசும், ராட்டினத்துல வருமே, அதுமாதிரி. அதோட சரி. வேற எதுவும் வந்தா என்னைய ஏசு."

அவள் ஏறினாள். அவர் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றும் வந்தது. மேலே போய் இறங்கும்போது, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஆண்பிள்ளை. வீட்டுக்குப் போகும்போது பிள்ளையை அவரிடம் காட்டிவிட்டுத்தான் போனாள்.

பெட்டியின் கைப்பிடியை வேறு யாரையும் தொடவிட மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவரோடு சண்டை போடாத ஆள் ஆஸ்பத்திரியில் கிடையாது. சமையற்காரர் ஒருநாள் அரிசி மூட்டைகளை ஏற்றப் பார்த்தார். "இது ஆளு ஏறுறதுக்கு. அரிசிக்குக் காலு இல்ல, சரி. ஒங்களுக்கு இருக்குல்ல?" என்று கேட்டு மூட்டைகளை வெளியே நகர்த்திவிட்டார். ஒரு மாதம்போல சமையற்காரர் அவருக்கு மோர் ஊற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

ரங்கூனைப் பற்றி நிறையப் பேசுவார். நடந்து வந்த வழியைப் பற்றிப் பேசியதில்லை. ஒருமுறை நானாகக் கேட்டேன். "மேடு ஏறுறதுதான் நர்ஸம்மா பாடாப்போச்சு. அத்தனை வருசம் ஊரையே ஏத்தி எறக்குனவனுக்கு மலையில ஒரு லிப்டு இல்லாமப் போச்சே" என்று சிரித்தார். பிறகு பெட்டியின் பித்தளைத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தபடியே, "எந் தம்பி அங்கேயே ஒக்காந்துட்டான், அப்புறம் எந்திரிக்கல" என்றார்.

அடுத்து நான் சொல்லப்போவதைச் சிலர் வேறுவிதமாகச் சொல்லிவருகிறார்கள். அன்று கூட இருந்தவள் என்பதால் நடந்தபடி எழுதுகிறேன்.

ஆலங்குடிப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் வில்வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்தார். எங்கள் கட்டடத்துக்குத் தேக்குமரம் கொடுத்தவர் அவர். ஸ்ட்ரெச்சரோடு லிஃப்ட் வாசலுக்குக் கொண்டுவந்தோம். அவருடைய மூத்த மகன், உள்ளே நின்ற ஞானமுத்து அண்ணனைப் பார்த்துவிட்டுக் கூட வந்தவரிடம் ஏதோ கேட்டார். கேட்டது அண்ணன் எந்தத் தெரு என்பதை.

"நீ வெளியில வா. நர்ஸு ஓட்டட்டும்" என்றார் மகன்.

"இல்லைங்க. அவுங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்க."

"எங்கப்பா ஒங்கூட ஒரே பெட்டியில நிக்க மாட்டாரு."

"அவுக படுத்துத்தான இருக்காக. நிக்கப்போறது நான் மட்டுந்தாங்க."

கேலி செய்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சிரிக்கவும் இல்லை. மகன் டாக்டரிடம் போனார். டாக்டர் இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஞானமுத்து அண்ணனைத் தனியாக அழைத்துப் பேச நினைத்தார். அவர்தான் பெட்டியை விட்டு வரவில்லையே. எல்லார் முன்பாகவும் பேச வேண்டியதாயிற்று.

"இன்னிக்கு ஒரு தடவை மட்டும் ஞானமுத்து. எப்படி ஓட்டணும்னு சொல்லிக்குடு, நர்ஸம்மா பாத்துக்குவாங்க."

"இல்லைங்க டாக்டர். இன்னிக்கு எறங்குனா நாளைக்கும் எறங்கணும். வேலைய விட்டுப் போன்னு சொல்லுங்க, அவுகள ஏத்திவிட்டுட்டுப் போயிருறேன். பெட்டிக்குள்ள நிக்கையில எறங்கச் சொல்லாதீங்க."

வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவர் ஒருவர் சம்பாத்தியத்தில் இருந்தார்கள். அது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். மகன்கள் பொறுமையிழந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினார்கள். முதல் திருப்பத்திலேயே அது சுவரில் முட்டி நின்றது. சாய்த்துப் பார்த்தார்கள். பெரியவர் அலறினார். அப்படி ஓர் அலறலை நான் பிரசவ அறையில்கூடக் கேட்டதில்லை.

"கீழ எறக்குங்கடா" என்றார் மூச்சு வாங்க. "அந்தப் பெட்டியிலயே ஏத்துங்க."

ஞானமுத்து அண்ணன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நானும் ஏறிக்கொண்டேன். பெரியவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார். "ஐயா, கதவு சாத்துறேன், சத்தம் வரும். கிளம்பயில லேசா ஒரு அசைவு இருக்கும், காலத் தளர்த்தி விட்டுக்குங்க" என்றார் அண்ணன், கீரமங்கலத்துப் பெண்ணிடம் பேசிய அதே குரலில். மேலே போய் நின்றதுகூட ஸ்ட்ரெச்சருக்குத் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக நிறுத்தினார்.

பெரியவர் பல வாரம் இருந்தார். வீட்டுக்குக் கிளம்பிய நாளில், பெட்டி கீழே வந்து நிற்கும் சமயம், "எந்த ஊரு?" என்று கேட்டார்.

"குன்னாண்டார்கோவில் பக்கங்க."

"மழை உண்டா அங்கிட்டு?"

"இல்லைங்க."

நடந்தது இவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்டார், கையைப் பிடித்துக்கொண்டார் என்பதெல்லாம் பிற்பாடு சேர்ந்த கதை. ஞானமுத்து அண்ணனே என்னிடம் சொல்லிச் சிரித்தார்: "ஏறயில கண்ண மூடிக்கிட்டாரு, எறங்கயில மழையக் கேக்குறாரு. இன்னொரு காலும் ஒடிஞ்சா வீட்டு விசேசத்துக்கே கூப்பிட்டுருவாரு போல."

புதுக்கோட்டை சமஸ்தானம் பக்கத்து ஜில்லாவோடு சேர்ந்த பிறகு வந்த வெயில் காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. மேல்மாடியில் படுக்கச் சொன்னோம். ஊரில் மருந்து அரைத்துக் கொடுப்பார்கள், பிள்ளைகளையும் பார்த்தாற்போல இருக்கும் என்று கிளம்பிவிட்டார். திரும்பி வரவில்லை.

மச்சினனை உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல மாலையா வாங்கி யார்கிட்டயாவது குடுத்தனுப்பிடுங்க. எனக்கு இன்னிக்கு நோயாளிங்க நிறைய" என்றார். அவர் கெட்டவர் அல்ல. ஞானமுத்து அண்ணன் மாதிரி ஆட்கள் இருக்கும் தெருவுக்குள் அவர் கார் ஒருநாளும் போனதில்லை, அவ்வளவுதான்.

நான் ஆவுடையார்கோவிலில் வீட்டுக்கு அடங்கி வளர்ந்தவள். பெரியவர்கள் சொன்னால் சரி என்று தலையாட்டியே பழகியவள். டாக்டர் பேச்சுக்கு இத்தனை வருஷத்தில் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "நாமதான் போகணும். மாலைய நீங்கதான் போடணும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார்.

மச்சினனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனோம். தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். டாக்டர் தாழ்வான வாசலில் குனிந்து உள்ளே போய் மாலையைப் போட்டார். வெளியே வந்ததும் ஞானமுத்து அண்ணனுடைய மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொடுக்கலாமா என்று தெரியாமல் நின்றார். டாக்டர் கை நீட்டி வாங்கிக் குடித்தார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் எல்லாரோடும் நடந்து வந்தார். மண் போடும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுப்பதைக் குரல் உயர்த்தாமல், மரியாதை குறையாமல், நின்ற இடத்திலிருந்தே சொல்ல முடியும். ஞானமுத்து அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. வியாழக்கிழமை முதல்முறையாகச் சொன்னேன். இனியும் சொல்வேன்.