என் மாமா நிறுத்தாத பஸ்

"உங்கப்பா கை வச்சதும் ஓடுற வண்டி, என் கையில மட்டும் ஏன் பாப்பா நிக்குது?" என்று மாமா என்னைக் கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இருந்த எனக்கு பஸ்ஸைப் பற்றி என்ன தெரியும்?

மாமா என் அம்மாவின் தம்பி. பத்தொன்பது வருடமாக ஒரே கம்பெனியில் பஸ் டிரைவர். அப்பா அதே கம்பெனி ஷெட்டில் மெக்கானிக். மாமாவிடம் இருந்தது அங்கிருந்ததிலேயே பழைய வண்டி. அந்த மழைக்காலத்தில் அது வழியில் நிற்க ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு மேட்டில் இழுவை குறைந்து, இருமி, அணைந்துவிடும்.

அப்பா போவார். ஸ்பேனரைத் தொடும் முன் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசலை அளப்பது அவர் வழக்கம். "காலி டேங்கோட மல்லுக்கட்ட நான் என்ன புதுசா?" என்பார். பிறகு ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்துக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவார். வண்டி கிளம்பிவிடும். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைச் சோதித்தார், டீசல் பம்பையே மாற்றினார். மறுநாளும் நின்றது.

"பஸ்ஸுக்கு உங்க மச்சானைக் கண்டாத்தான் வெட்கம் போல" என்று மாமாவைக் கேலி செய்தார் கண்டக்டர்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "மெக்கானிக் போனா ஓடுது. அப்ப கோளாறு வண்டியிலயா, ஆள்லயா?"

ஆறாவது முறை நின்றதும் மாமாவின் வேலை போனது. கடைசி டிரிப்பைத் தட்டிக்கழிக்க வேண்டுமென்றே நிறுத்தினார் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரிடம் ஸ்டியரிங்கைத் தரவில்லை.

அடுத்த வாரம் அப்பாவே வண்டியை ஓட்டிப் பார்த்தார். அதே மேட்டில் நின்றது. காலையில்தான் டேங்கை நிரப்பியிருந்தார்; குச்சியையும் எடுத்து வரவில்லை. அதனால் மூடியைத் தொடவில்லை. கைப்பம்பை எவ்வளவு அடித்தும் டீசல் ஏறவில்லை. ஒரு மணி நேரம் திணறிவிட்டு, வேறு வழியில்லாமல் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டேங்க்.

வளைவுகளில் டீசல் சிந்துகிறதென்று மழை தொடங்கும் முன் மூடிக்குள் ரப்பர் வெட்டி வைத்தது அப்பாதான். மூடியில் காற்றுக்காக இருந்த துளையை அது அடைத்துவிட்டது. உள்ளே காற்று போகாமல் பம்பால் டீசலை இழுக்க முடியவில்லை. அளந்து பார்க்க அவர் திறந்த ஒவ்வொரு முறையும் கோளாறு அவருக்குத் தெரியாமலே சரியாகியிருக்கிறது.

ரப்பரை எடுத்துவிட்டு, உறுதியாகத் தெரியட்டும் என்று புது டிரைவரிடம் கொடுத்துப் பத்து நாள் ஓடவிட்டார். பிறகு மேனேஜரிடம் போனார்.

"மச்சானுக்காகக் கதை கட்டாதய்யா. புது டிரைவர் வந்தான், வண்டி நிக்கலை. வேற என்ன சாட்சி வேணும்?"

"ரப்பரைத் திரும்ப வச்சுக் காட்டுறேன் சார்."

"ஓடுற வண்டியக் கெடுத்துக் காட்டப் போறியா? போய் வேலையப் பாரு."

அப்பா நேரே மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூட இருந்தேன்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம் மச்சான். இதுவரைக்கும் வண்டியத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார். சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது.

மேட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏமாற்றிய டிரைவர் என்று யாராவது பேசுவது உங்கள் காதில் விழுந்தால், நடந்ததை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். மேனேஜர் கேட்காததை வேறு யாராவது கேட்கட்டும்.