சுண்டுவிரல் ஜோடி

பிஸ்கட் கம்பெனியில் அவளுக்குப் பெயரே ‘தம்பி பொண்டாட்டி’ என்று ஆகிவிட்டது. வேலையில் சேர்ந்த அன்று நாத்தனார் அவளைக் கையோடு பேக்கிங் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், “இவ என் தம்பி பொண்டாட்டி. யாரும் வம்பு பண்ணக் கூடாது” என்று சொல்லி வைத்ததன் பலன். நாத்தனார் என்றாலே ஆகாது என்று உலகம் சொல்லிவிட்டுப் போகட்டும், இவர்கள் இருவரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள். பெல்ட்டில் வரும் பாக்கெட்டுகளை ஒருத்தி அடுக்குவாள், இன்னொருத்தி பெட்டியை ஒட்டுவாள். வாய் மட்டும் இருவருக்கும் ஒரே வேலைதான் செய்யும். பாட்டு.

கம்பெனிக்கு ஒரு பாட்டுக்குழு இருந்தது. அதன் மாஸ்டர், வேலைப்படி ஸ்டோர்கீப்பர். கிடங்கில் ஒரு மூட்டை காணாமல் போனால்கூடப் பொறுத்துக்கொள்வார், பாட்டில் நூலளவு இடைவெளி விழுந்தால் மனிதர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கம்பெனியின் பொன்விழாவுக்கு அவர் தேர்ந்தெடுத்த பாட்டு, முடியும் இடத்தில் ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நிற்கும். அவ்வளவு மூச்சு யாருக்கும் கிடையாது. அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்தில் நிற்பவளோடு சுண்டுவிரலைக் கோத்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கப் போகிறவள் ஒரு அழுத்து அழுத்துவாள், ‘நான் விடுகிறேன், நீ பிடி’ என்று. மூச்சு வாங்கித் திரும்பியதும் இன்னொரு அழுத்து. அந்த இரண்டாவது அழுத்து வரும்வரை மற்றவள் சுருதியை விடக் கூடாது.

“கூரையே இடிஞ்சு விழுந்தாலும் விடாதீங்க. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்காதீங்க. என் கையை மட்டும் பாருங்க” என்பார் மாஸ்டர்.

பயிற்சி ஆரம்பித்த புதிதில், அந்த நீண்ட இழுப்பில் நாத்தனார் ஒரு தடவைதான் அழுத்துவாள். போகப் போக அந்த விரல் அடிக்கடி அழுத்த ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதி வழியில், ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் நிற்பாள். சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடும். செருப்பு பத்தவில்லை என்று இருவரும் கடைக்குப் போய் ஒரு அளவு பெரியதாக வாங்கி வந்தார்கள். வரும் வழியில்தான் நாத்தனார் விஷயத்தை உடைத்தாள். இதயத்தில் கோளாறு. உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுங்கள், அதுவரை பாட்டும் படியேறுவதும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“அண்ணி, அவர்கிட்ட சொல்லிடலாம்.”

“தம்பிகிட்டயா? அவன் இன்னைக்கே என்னைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வச்சிடுவான். விழா முடியட்டும்டி. மறுநாளே போய்ப் படுத்துக்கறேன். நான் இல்லாம நீ யார் விரலைப் பிடிப்ப?”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. ஜோடி இல்லாதவர்களை மாஸ்டர் பின்வரிசையில் சும்மா வாயசைக்க நிறுத்திவிடுவார். அவளுக்கும் பாட ஆசை இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கணவன், “அக்கா ஏன் ஒரு மாதிரி இருக்கா?” என்று கேட்டபோது, “விழா வேலை ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் படிப்படியாகப் போட்ட பெஞ்சுகள், ஒரே நீல உடுப்பு, காற்றுப் புகாத நெருக்கம். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறும்போது நாத்தனாரின் உதடு வெளிறியிருந்தது. “அண்ணி, இப்பக்கூட இறங்கிடலாம்” என்றாள் இவள்.

“வாயை மூடு. பாடறதுக்குத் திற” என்று சிரித்தாள் நாத்தனார்.

பாட்டு எழுந்தது. அதை என்னவென்று சொல்வது! நாள் முழுக்கப் பெல்ட்டின் கடகடப்பில் கத்திக் கத்திப் பேசிய தொண்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலாகின. அந்தக் குரலில் தன்னுடையது எது, அண்ணியுடையது எது என்று அவளுக்கே தெரியவில்லை. பயம் எங்கே போனதென்றும் தெரியவில்லை. முன்வரிசையில் கணவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்காக எதையும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

கடைசி இழுப்பு வந்தது. சுண்டுவிரலில் ஒரு அழுத்து. நகம் பதியும் அளவுக்கு, இதுவரை இல்லாத அழுத்து. அவள் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது அழுத்து வரவில்லை. நெஞ்சு எரிந்தது. தோளில் ஒரு பாரம் வந்து சாய்ந்தது. தெரியவில்லை என்று அவள் சொன்னால் அது பொய். உள்ளுக்குள் ஏதோ அலறியது. ஆனால் மாஸ்டரின் கை உயரத்தில் நின்றது, கூட்டத்தின் குரல் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சையும் விடவில்லை. கை இறங்கும்வரை பாடினாள்.

கைதட்டலில் மண்டபமே அதிர்ந்தது. இரண்டு பக்கத்துத் தோள்களும் தாங்கியதில் நாத்தனார் நின்றபடியே இருந்தாள். வரிசை கொஞ்சம் விலகியதும்தான் சரிந்தாள். கோத்த விரல் அப்போதும் விடவில்லை.

மேடையிலேயே உயிர் போயிருக்கும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாஸ்டர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கணவன், மேடைக்குக் கீழேயிருந்து யாரோ எடுத்துக் கொடுத்த செருப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வேற யாரோடதையோ கொடுத்துட்டாங்க. அக்கா அளவு இது இல்ல” என்றான்.

அவளுடைய சுண்டுவிரலில் நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

“அண்ணியோடதுதான். கால் வீங்கிப் போச்சு. நான்தான் கூடப் போய் வாங்கினேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.