வயிற்றுவலிக்கு மசால் தோசை

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டி வளர்த்த அம்மாதான் அன்று காலையில் என் காதோரம் வந்து, "வவுறு வலிக்குதுன்னு அழு கண்ணு" என்றாள். வருஷம் அறுபத்தெட்டோ ஒன்பதோ இருக்கும். பள்ளிக்கூடம் போக வேண்டாமென்றால் கசக்குமா? ஊரைக் கூட்டி அழுதேன்.

அப்பாவும் அவருடைய அண்ணன் தம்பிகளும் ஒரே உலையில் சோறு தின்ற வீடு. சாவு விழுந்தாலோ பிள்ளைக்கு நோவு வந்தாலோ தவிர அம்மா வாசலைத் தாண்ட முடியாது. "தருமபுரி ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேனுங்க மாமா" என்று பெரியப்பாவிடம் கேட்டாள். அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் அழுகை இன்னும் ஒரு கட்டை ஏறியது. "செரி, பொழுதோட வந்து சேருங்க" என்றார்.

பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறியபிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள். "எனக்கு ஒருக்கா ஓட்டல்ல உக்காந்து சாப்புடணும். வூட்டுல மூச்சு வுட்டுடாத. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா நம்ம கதி அவ்ளோதான்."

ஓட்டலில் பெண்களுக்கென்று திரை போட்ட அறை. அப்பப்பா, அந்த நெய் வாசனை! மசால் தோசை வந்ததும் நான் தலையை நிமிர்த்தவில்லை. பரிமாறுகிறவர் வந்து, "இன்னும் என்ன வேணுங்க?" என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாம்பார்" என்றாள். ஊற்றிப் போனவர் மறுபடி வந்தார், மறுபடி கேட்டார். மறுபடியும் சாம்பார். பிறகு சட்னி. கிண்ணத்தில் இருந்ததே தீரவில்லை, அதற்குள் தானே அவரைக் கூப்பிட்டாள். எனக்கு மானம் போயிற்று.

"நம்மூட்டுல கொழம்பையே கண்ணுல பாக்காத மாதிரி கேக்கறியேம்மா!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு சந்தோஷமான நாள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

வீட்டில் பெரியப்பா வாசலிலேயே மறித்தார். "டாக்டர் என்ன புள்ள சொன்னாரு?"

அம்மா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, "காரம் ஆகாதுன்னாருங்க" என்றேன். கெட்டிக்காரத்தனம்தான், ராத்திரி எனக்கு மட்டும் உப்புக்கஞ்சி.

பெரியப்பா, அப்பா, சித்தப்பா எல்லோரும் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா ஒவ்வொருவர் முன்பும் குனிந்து, "இன்னும் என்ன வேணுங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லோரும் எழுந்து போனபிறகு அடுப்படியில் குந்தி, சட்டியில் மிஞ்சியதைத் தானே போட்டுச் சாப்பிட்டாள். தினமும் பார்ப்பதுதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறதென்று நான் படுக்கப் போய்விட்டேன்.