உண்டியலில் போட்ட கார்டு

நான் செய்த முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். என் புருஷனின் ஆஸ்பத்திரிக் கார்டை மாத்தளை மாரியம்மன் கோயில் உண்டியலில் போட்டவள் நான்தான்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, வேலைக்குப் போகிற ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நூறு பேருக்கு மேல் இருக்கும். புத்தகத்தைத் திறக்கவே மாட்டார், எல்லாம் நாக்கு நுனியில். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் பேர் கூப்பிடுகிற பாதியிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் வீங்கியிருந்த ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். மண்டையைத் திறந்து, வீக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு கிளிப் போட்டு இறுக்கிக் காப்பாற்றினார்கள். உயிர் வந்தது, பேச்சு வரவில்லை. ஒரு மாதம் என்னைப் பார்த்துப் பார்த்து வாயைத் திறப்பார், காற்றுத்தான் வரும். கண்ணில் தண்ணீர் வழியும். ஐயோ, அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியதும் மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனோம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம். நம்மை அழவைத்த கடதாசி எதுவோ, அதை ஆத்தாவிடமே கொடுத்துவிடுவது. இனி அது உன் பாடு என்று அர்த்தம். நானும் ஆபரேஷன் விவரம் எழுதிய கார்டை நாலாய் மடித்து உண்டியலில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்.

ஏழு வருஷம் கழித்து, நாட்டில் யுத்தம் உக்கிரமாக நடந்த காலத்தில், அவருக்குத் தலைவலி வரத் தொடங்கியது. கொழும்புக்குப் புறப்பட்டோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவர் தலைத் தழும்பைப் பார்த்த சிப்பாய், யுத்தத்தில் பட்டதோ என்ற சந்தேகத்தில், இது எங்கே பட்ட காயம் என்று சிங்களத்தில் கேட்டான். ஆஸ்பத்திரியில் வெட்டியது என்றேன். கடதாசி எங்கே என்றான். எங்கே போவேன் கடதாசிக்கு? நான் சிங்களத்தில் கெஞ்சி, அழுது, கடைசியில் சண்டையும் போட்ட பிறகுதான் விட்டார்கள்.

கொழும்பு டொக்டர் தமிழ் பேசினார். "கிளிப்புக்குப் பக்கத்துல மிச்சமிருந்த இடம் திரும்ப வீங்கியிருக்கு. இந்த முறை தலையைத் திறக்கத் தேவையில்ல. தொடையால ஒரு மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள்ளயே மேல கொண்டுபோய், வீக்கத்துக்குள்ள பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளா நிரப்பி அடைச்சிருவோம்."

"தலையில நோவுக்குத் தொடையில வைத்தியமா சேர்?" என்று சிரித்த என் புருஷன், உடனே குரல் இறங்கிக் கேட்டார். "பேச்சு போயிருமா? உசுரப் பத்தி கேக்கல சேர். பேச்சு."

"போகாதுன்னு சத்தியம் பண்ண ஏலாது. வெடிச்சா நிலைமை இதைவிட மோசமாகும்."

அந்த வைத்தியத்துக்கு முன் காந்த ஸ்கேன் ஒன்று எடுக்க வேண்டுமாம். உள்ளே இருக்கும் பழைய கிளிப் என்ன உலோகம் என்று தெரியாமல் அதற்குள் அனுப்பினால், கிளிப் அசைந்து ஆளையே கொன்றுவிடலாமாம். பழைய ஃபைலைத் தேட நாளாகும். "கார்டுல எழுதியிருப்பாங்களே, எங்க?" என்றார் டொக்டர்.

"நான்தான் சேர் தொலச்சிட்டேன்" என்றார் இவர்.

நான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, பாவி மனுஷன், தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். அவரை வார்டில் விட்டுவிட்டு மறுநாள் நான் தனியாக மாத்தளைக்கு பஸ் ஏறினேன்.

குருக்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உண்டியலில் விழுகிற கடதாசி எதையும் அவர் வீசுவதில்லையாம். உள்ளே பரீட்சை ரிசல்ட், சிறையிலிருந்து வந்த கடிதம், எங்கே போனார்கள் என்றே தெரியாத பிள்ளைகளின் போட்டோ. அந்த முகங்களைத் தள்ளித் தள்ளி என் கார்டைத் தேடக் கை கூசியது. அடியில் கிடந்தது, நாலாய் மடித்தபடியே.

"குடுத்தத திருப்பி எடுக்கலாமா சாமி?"

"காவலுக்குத்தானேம்மா குடுத்தீங்க. கொண்டு போங்க."

கிளிப் பயப்படத் தேவையில்லாத உலோகம் என்று கார்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிரட்டுக்களத்தில் அவர் கூப்பிடும் பேர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பத்துக்கு மேல் வரவில்லை.

மத்தியானம் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்திருந்தது. நான் குனிந்தேன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. எச்சில் விழுங்கிவிட்டுத் திரும்பவும் திறந்தார்.

"புதுக் கார்டு குடுப்பாங்க புள்ள" என்றார். "அதையும் கொண்டுபோய் உண்டியல்ல போட்டுறாத."

"உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?"

"நீ போடுறப்ப பின்னாலதான் நின்னேன். அன்னைக்கே சொன்னா நீ அழுவியேன்னு விட்டுட்டேன்."

ஏழு வருஷமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார், நூறு பேரின் பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிடுகிற மனுஷன். நான் வார்டு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.