நூறோடு வயதைக் கூட்டு

செவனம்மாவின் வயது பொய் என்று தெரிந்தே, அந்தப் பொய்யை வைத்துக் கணக்குப் போட்டேன். அவளுடைய வலது கையும் பேச்சும் போனதற்கு நானும் ஒரு காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏன் இப்போது? போன வாரம் நுவரெலியாவில் ஓர் இளம் டாக்டர் என் மணிக்கட்டை விரலால் உருட்டிப் பார்த்தார். "ரத்தக்குழாய் கயிறு மாதிரி இறுகிப் போயிருக்கு ஐயா" என்றார். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துக்காரனாக இருந்தபோது, நானும் எத்தனை மணிக்கட்டை அப்படி உருட்டியிருப்பேன்!

இள வயதில் ரத்தக்குழாய் ரப்பர்போல நெகிழும். வயது ஏற ஏற இறுகும், அழுத்தமும் கூடும். அந்நாளில் எங்களுக்குச் சொல்லித் தந்த சூத்திரம் — நூறோடு வயதைக் கூட்டு. அழுத்தம் அதற்குள் இருந்தால் பயமில்லை.

சுலபம், இல்லையா? ஆனால் தோட்டத்தில் யாருடைய வயது நிஜம்? பெரியாள் சம்பளம் கிடைக்கட்டுமே என்று, பிள்ளைகளுக்கு வயதைக் கூட்டிச் சொல்லித் தோட்டத்துப் பதிவேட்டில் பேர் பதிந்த காலம் ஒன்று இருந்ததே...

கொழுந்தெடுக்கும் செவனம்மா, தலை சுற்றுகிறது என்று வந்தாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். நூற்றறுபது.

"ஒனக்கு அறுபது வயசு. நூத்தறுபது இருக்கலாம், போம்மா."

"அறுபதா? பேரு பதியுறப்ப எங்கப்பா அஞ்சாறு வயசு கூட்டிச் சொன்னாருங்க. ஐயாவுக்குத் தெரியாததா?"

"சம்பளத்துக்குப் பெரியாளு, மருந்துக்குக் கொமரியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

"ரெண்டு நாளைக்குக் கீழ்மலையில போடச் சொல்லுங்க ஐயா. மேட்டுல ஏறினா கண்ணு இருட்டுது."

கொழுந்து மிகுந்த காலம். மேட்டில் ஆள் குறைந்தால் தோட்டத் துரை என்னைத்தான் கேட்பார். ஐந்தாறு வயது பெரிய வித்தியாசமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குச் சாக்குச் சொல்ல அது போதும். மேட்டு வேலைக்கே போகலாம் என்றேன்.

மறுநாள் சரிவிலேயே விழுந்தாள். தூக்கி வந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

பரிகாரம்? அதன் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் நிஜ வயதைக் கேட்கத் தொடங்கினேன். இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு எல்லோரும் காத்திருந்த வருடங்கள் அவை. எப்போது பிறந்தாய், எங்கே பிறந்தாய் என்று கேட்டாலே பேச்சை மாற்றுவார்கள்.

கடைசியில் செவனம்மாவின் புருஷனே வந்தார். "நல்லதுக்குத்தான் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க. ஆனா மனுவுல ஒரு வயசு, ஐயாகிட்ட ஒரு வயசுன்னு வெளிய வந்தா, எங்கள இந்தியாவுக்கு அனுப்பிருவாங்கன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் பயப்படுறாங்க. விட்டுருங்க ஐயா."

விட்டுவிட்டேன். ஆனால் மருந்தறைக்கு ஆள் வருவது நின்றது நின்றதுதான். வழியில் பார்த்து விசாரித்தால், "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா" என்று விலகி நடப்பார்கள்.

என் கேள்விக்குப் பயந்தே ஒரு தோட்டம் முழுவதும் ஆரோக்கியமாகிவிட்டது!