அடி தெரியாத தண்ணி கேட்டேன்

அருளண்ணா... அருளண்ணா... இப்படி எத்தன தடவ கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாதுங்க. குட்டைக் கரையில நின்னு கத்துனேன். தண்ணி அசையவே இல்ல.

என் பேரு பிலோமினா. ஏற்காட்டுல வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுல பழம் பறிக்கறேன். ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. அப்பா இல்ல. அம்மா, அருளண்ணன், நான், மூணே பேருதான். அண்ணன் எஸ்டேட்டு மோட்டாரப் பாத்துக்கிட்டிருந்தான். எஸ்டேட்டுக் குட்டையில எனக்கு நீச்சல் பழக்கி உட்டது அவன்தான்.

தவக்காலம் தொடங்குன வாரம் அது. காப்பி பூக்கறதுக்காக செடிக்குத் தண்ணி அடிக்கற சமயம். குட்டைக்குள்ள இருக்கற மோட்டாரு குழா வாயில பாசி அடைச்சுக்கிச்சு. மோட்டார நிறுத்திட்டு அண்ணன் முங்குனான். எப்பவும் செய்யறதுதான். நான் அவன் சட்டைய வெச்சுக்கிட்டு கரையில நின்னேன். அவன் மேல வரல.

நானும் முங்கிப் பாத்தேன். எங்க குட்டைக்குள்ள கண்ணத் தொறந்தா எல்லாம் பச்சையாத்தான் இருக்கும், நம்ம கையே நமக்குத் தெரியாது. ஆளுங்க ஓடியாந்து மதகத் தொறந்து உட்டாங்க. தண்ணி காப்பிச் செடிங்களுக்குள்ள எறங்கி ஓடுச்சு. குட்ட வத்த வத்த மொதல்ல குழா தெரிஞ்சுது. அப்புறம் அடியில கறுப்பா, நீளமா என்னமோ தெரிஞ்சுது. அது எங்கண்ணன். வேட்டி குழாயில சுத்திக்கிச்சு.

ஒரு வாரத்துல அந்தச் சரிவு பூராவும் வெள்ளையா பூத்துருச்சுங்க. அந்த வாசம் அடிக்கறப்ப நான் மூக்கப் பொத்திக்கிட்டு நடந்தேன்.

இதுக்கு முன்னாலயே ஒண்ணு நடந்திருந்துச்சு. ஏற்காடு ஏரியில நான் நீந்தறதப் பாத்த ஒரு டிரில் மாஸ்டரு, என்னைய சேலத்துக்கும் மெட்ராசுக்கும் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாருங்க. இந்து மகா சமுத்திரத்தச் சுத்தி இருக்கற நாடுங்க எல்லாம் சேந்து ஒரு தீவுல நீச்சல் போட்டி வெக்கறாங்க. அதுல நாலு பொண்ணுங்க மாத்தி மாத்தி நீந்தற போட்டிக்கு என்னையும் எடுத்திருந்தாங்க. அண்ணன் ஒண்டிக்கட முக்குல நின்னு பஸ்சுல வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சான்.

அடக்கம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்த மாஸ்டரு தல குனிஞ்சு நின்னாரு. "அம்மா, கேக்கறதுக்கே எனக்குக் கூசுதுங்க. மாத்து ஆளு இல்லீங்க. இவ வரலீன்னா மத்த மூணு புள்ளைங்களும் எறங்க முடியாதுங்க."

"ஒருத்தனத் தண்ணி எடுத்துக்கிச்சு. இவளையும் குடுத்துட்டு நான் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா?"ன்னு அம்மா கத்துச்சு. நொம்ப நேரம் அழுதுச்சு. அப்புறம் அதுவே, "அதுங்களும் ஒரு வயித்துல பொறந்த புள்ளைங்கதான். போயிட்டு வா சாமி. ஆனா தலைய மட்டும் தண்ணிக்குள்ள உட்றாத"ன்னுச்சு.

ஈஸ்டர் முடிஞ்சு அந்தத் தீவுக்குப் போனோம். அந்த ஊரு நீச்சல் தொட்டி எம்மாம் பெருசு! தண்ணி கண்ணாடியாட்டம் இருந்துச்சு. நான் குனிஞ்சு பாத்தேன். அடியில கறுப்பா, நீளமா ஒரு கோடு. அது நேரா நீந்தறதுக்குப் போட்ட கோடுன்னு எனக்குத் தெரியுங்க. ஆனா கண்ணு அண்ணனத்தான் காட்டுச்சு. தண்ணி அசைய அசைய அவனும் அசைஞ்சான்.

போட்டிக்கு மொத நாளு பழகிப் பாக்க எறக்குனாங்க, அம்மா சொன்னாப்பலயே தலையத் தூக்கிக்கிட்டு நீந்துனேன். பாதி தூரத்துல மூச்சு முட்டி, பக்கத்துல கட்டியிருந்த கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். மத்த நாட்டுப் புள்ளைங்க சிரிச்சாங்க. எங்க கூட வந்த மெட்ராசு புள்ள ஷீலா, "இன்னாமே, எரும மாடு கணக்கா தலைய தூக்கினு வர்ற?"ன்னா. எங்களப் பழக்கற கோச்சம்மா இந்தியில திட்டுச்சு. ஷீலா எனக்கு எடுத்துச் சொன்னா: "நாளைக்கும் இப்டியே வந்தா நம்ம நாலு பேரும் காலின்றாங்க. இன்னாடி ஆச்சு உனுக்கு?"

சொன்னேன். குட்டை, மதகு, எல்லாத்தையும் சொன்னேன். அவ துண்ட எடுத்து என் தலையத் தொவட்டி உட்டா.

சாயங்காலம் துணி மாத்தற ரூம்புல கதவச் சாத்திக்கிட்டு முட்டி போட்டேன். ஜெபமால கையில இருந்துச்சு, வாயில வார்த்த வரல. "ஆண்டவரே, எனக்கு மெடலு வேண்டாங்க. அந்த அடிய மட்டும் என் கண்ணுல காட்டாதீங்க. எங்க குட்டையாட்டம் அடி தெரியாத தண்ணி குடுங்க." இவ்வளவுதான் கேட்டேன். இப்படிக் கூடவா ஒருத்தி ஜெபிப்பான்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு.

விடிய மழ ஊத்துச்சுங்க. நாங்க போய்ப் பாத்தா தொட்டித் தண்ணி அரிசி கழுவுன தண்ணியாட்டம் வெள்ளையா கெடக்குது! மழதானோ, தண்ணியில போடற மருந்து கூடிப் போச்சோ, எனக்குத் தெரியாது. கோட்டக் காணம். அடியக் காணம். எல்லா நாட்டுக்காரங்களும் அவங்கவங்க பாசையில திட்டுனாங்க. ஒரு கோச்சு தொப்பியக் கழட்டித் தரையில அடிச்சாரு. நான் மட்டும் அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?"ன்னா ஷீலா.

"நான்தான் கேட்டேன்."

அவ தண்ணியப் பாத்தா, என்னையப் பாத்தா. "அடிப்பாவி! கொஞ்சம் கம்மியா கேட்டிருக்கக் கூடாதா? செவுரு கூட தெர்லயே!"

மத்தியானம் போட்டி வெச்சாங்க. ஷீலா வந்து செவுத்தத் தொட்டதும் நான் குதிச்சேன். தலைய உள்ள உட்டேன். பயம் போயிருச்சுன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க. அந்த வெள்ளைக்குள்ள இருந்து ஒரு கை வந்து என் காலப் புடிக்கும்னு நெனச்சேன். மூச்சு எடுக்கறப்பெல்லாம் "இயேசுவே"ன்னேன். கை வரல. செவுருதான் வந்துச்சு. திரும்புனேன். மறுபடியும் செவுரு வந்துச்சு. நாலாவதா வந்தோம். மெடலு இல்ல. ஷீலா என் கழுத்தக் கட்டிக்கிட்டு, எங்கம்மாவுக்கு டிரங்கு கால் போட்டு நானே சொல்றேன்னா. எங்கூட்டுல ஏது போனு?

மறுநாளு தண்ணி தெளிஞ்சிருச்சு. போட்டி முடிஞ்சுது, நான் எறங்க வேண்டிய அவசியமே இல்ல. ஆனா அன்னைக்கு உள்ளுக்குள்ள ஒரு தைரியம் வந்துச்சு. அத யாரு குடுத்ததுன்னு நான் சொல்லணுமா? ஷீலா கையப் புடிச்சுக்கிட்டு முங்குனேன். கண்ணத் தொறந்தேன். கறுப்புப் பெயிண்டு. அதுக்குப் பக்கத்துல யாரோட தலையில இருந்தோ உழுந்த ஒரு கிளிப்பு. வேற யாரும் அங்க இல்லீங்க.

இப்ப ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் எஸ்டேட்டுப் புள்ளைங்களுக்கு நீச்சல் பழக்கி உடறேன். சில நாளு குட்டைக் கரையிலயே ஒடம்பு நடுங்கும். நடுங்கட்டும்னு எறங்கிர்றேன். உங்களுக்கும் ஒரு பயம் இருக்குமுங்க. அது எதுன்னு ஆண்டவருகிட்ட பச்சையா சொல்லிருங்க. நல்ல வார்த்த தேடாதீங்க. என்னையாட்டம் கோணல் மாணலா கேட்டாலும் அவரு காது குடுக்கறாரு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. எங்கண்ணன் சாவுற நேரத்துல பக்கத்துல சாமியாரு இல்ல. எண்ணெ பூசி ஜெபிக்கற அவஸ்தப் பூசுதல் இல்ல. அவன் காதுல "இயேசு மரி சூசை"ன்னு சொல்லக் கூட ஆளு இல்ல. அம்மா இன்னும் அதையே சொல்லிச் சொல்லிப் பயப்படுது. அன்னைக்கு அவனுக்குக் கெடைக்காத ஜெபத்த இன்னைக்கு நீங்க குடுங்க. அவன் பேரு அருள்தாசு. வயசு பத்தொம்பது. எல்லாரும் அவனுக்காக வேண்டிக்குங்க.